அனுமதிப்பத்திரம் யாருக்குக் காவல்?

பிறர் பணத்தைக் கையேற்று வைத்திருக்க முன்வரும் எவரும் முதலில் அரசின் அனுமதியைப் பெறவேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியதி. வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட அந்நியதி, கையடக்கத் தொலைபேசி வழியே பணத்தை ஏற்று, வைத்து, அனுப்பும் தொழிலுக்கும் இலங்கையிலே விதிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த அனுமதிப்பத்திரத்தைப் பற்றிக் கொழும்பிலே எழும் பேச்செல்லாம் வணிகரின் வசதியைப் பற்றியதாகவே இருக்கிறது. விண்ணப்பம் எத்தனை மாதம் காத்துக் கிடக்கிறது, மூலதனம் எவ்வளவு வேண்டும், நிபந்தனைகள் எத்தனை என்பனவே அங்கு கேட்கப்படும் கேள்விகள். பசறையிலும் மடுல்சீமையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அப்பத்திரத்தால் விளையும் நன்மை யாது, அதில் உள்ள குறையால் விளையக்கூடிய தீமை யாது என்று கேட்பார் அரியர். அக்கேள்வியை எழுப்புவதே எமது நோக்கம்.

எமது முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம். அனுமதி முறை தளர்த்தப்படலாகாது. பணத்தைக் காக்கும் பகுதியில் அது இறுக்கமாகவே இருத்தல் வேண்டும். ஆனால் பணத்தைக் காத்துவிட்டுப் பணத்துக்கு உரிய மனிதரைக் கைவிடும் அனுமதி அரை அனுமதியே. கூலி கொடுப்பவரும், அக்கூலியைக் கணக்கில் வைத்திருப்பவரும் ஒருவராக இருத்தல் கூடாது என்ற விதி, ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை, அப்பத்திரத்தின் முதல் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். மற்றவை அதன்பின் வருவன.

சட்டம் கூறுவது யாது?

2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டமே இத்துறையின் தாய்ச்சட்டம். அதன்கீழ்க் கொடுப்பனவு அட்டைகளுக்கான ஒழுங்குவிதிகள் 2009 இல் ஆக்கப்பட்டன. பின்னர் அட்டைகளையும் கையடக்கத் தொலைபேசிக் கொடுப்பனவுகளையும் ஒருங்கே ஆளும் ஒழுங்குவிதிகள் 2013 இல் அவற்றின் இடத்தைப் பெற்றன. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் இத்தொழிலில் இறங்கலாகாது என்பதே அவற்றின் சாரம். தொலைபேசி நிறுவனங்களுள் டயலொக் 2012 இல் ஈசி கேஷ் என்ற சேவையையும், மொபிட்டெல் 2013 இல் எம் கேஷ் என்ற சேவையையும் மத்திய வங்கியின் அனுமதியுடன் தொடங்கின. நகரத்துப் பெட்டிக்கடைகளிலும் பேருந்து நிலையத்துக் கடைகளிலும் தொங்கும் இவற்றின் விளம்பரப் பலகைகளை நம்மவர் நன்கறிவர்.

அனுமதி கோருவோர் காட்டவேண்டியவை பல. முறையாகப் பதிந்த கம்பெனி, போதிய மூலதனம், நேர்மையும் தகைமையும் உடைய பணிப்பாளர்கள், கணினிப் பாதுகாப்பு, இடர் வந்தால் தொழில் நின்றுவிடாது நடத்தும் திட்டம், முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒழுங்கு என்பன அவற்றுட் சில. இவை யாவற்றினும் தலையாயது காப்புக் கணக்கு. அது யாதெனில், ஒரு தொழிலாளி 5,000 ரூபாவை முகவரிடம் கொடுத்துத் தம் தொலைபேசியில் ஏற்றிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். அத்தொகைக்கு ஈடான பணம் ஒரு வங்கியிலே தனிக் கணக்கில் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதனை எடுத்து நிறுவனம் தன் வாடகையைக் கொடுக்கலாகாது, தன் கடனைத் தீர்க்கலாகாது, கட்டடம் எழுப்பலாகாது. வெளியிடப்படும் இலத்திரனியல் பணம் காப்புக் கணக்கில் கிடக்கும் தொகையை விஞ்சலாகாது. நிறுவனம் நொடித்தாலும் ஏழையின் பணம் அதனோடு சேர்ந்து மூழ்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இதனோடு, 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி, கணக்குத் திறப்பவர் இன்னார் என்பதை நிறுவனம் ஆராய்ந்து அறிந்திருத்தல் வேண்டும். கள்ளப் பணத்தைத் தடுக்கும் அவ்விதி அவசியமானதே. அது தோட்டத்து வாசலில் எவ்வாறு வேறொரு தடையாக மாறுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இத்துணைக் கட்டுப்பாடுகள் எதற்கு என்று கேட்போர் 2008 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். கோல்டன் கீ கடனட்டைக் கம்பெனி அந்த மாதத்திலே சரிந்தது. கடனட்டைத் தொழிலின் பெயரால், வைப்புப் பணம் பெறும் அனுமதி இன்றியே, ஆயிரக்கணக்கானோரிடம் பணம் திரட்டப்பட்டிருந்தது. ஓய்வூதியக்காரரும் விதவையரும் அதன்பின் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். அண்டை நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2024 ஜனவரி 31 ஆம் நாள், விதிகளைத் தொடர்ந்து மீறியமையைக் காரணங்காட்டி, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மேற்கொண்டு வைப்புக்களை ஏற்பதை இந்திய ரிசர்வ் வங்கி தடுத்து ஆணையிட்டது. கோடிக்கணக்கானோர் அறிந்த பெயர் என்பது அதற்குத் துணையாகவில்லை. அனுமதிப்பத்திரம் ஒருமுறை பெற்றுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் காணி உறுதி அன்று. நிபந்தனை மீறப்படும் நாளிலே அது பறிபோகும். இந்த வலிமை அரசிடம் இருப்பதனாற்றான் நிபந்தனைகளைப் பற்றி நாம் பேசுவதிற் பொருள் இருக்கிறது.

இளைஞரின் கேள்வி

பதுளையிலும் பண்டாரவளையிலும் கணினிக் கல்வி கற்ற எமது இளைஞர் நியாயமான கேள்வியொன்றைக் கேட்கின்றனர். "பெருமூலதனமும் கொழும்புச் செல்வாக்கும் அற்ற நாங்கள் இத்தொழிலில் இறங்குவது எங்ஙனம்? அனுமதி முறை பெரிய நிறுவனங்களின் வேலியாக அன்றோ நிற்கிறது?" இதற்கு விடை கூறவேண்டியது சட்டம் பயின்றோரின் கடமை.

சட்டம் முதலாவதாக நோக்குவது ஒன்றையே: பணம் யார் கையில் தங்குகிறது? இக்கேள்விக்கு வரும் விடையைப் பொறுத்து வழிகள் மூன்றாகப் பிரிகின்றன.

முதலாவது வழியில் பணம் வங்கியிலேயே தங்குகிறது. இளைஞர் அமைப்பது பணம் செல்லுமாறு கட்டளையிடும் கருவியை மட்டுமே. மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் பங்காளராக உள்ள, இன்று லங்காபே என்று வழங்கும் நிறுவனம், ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் செல்லும் பொதுப் பாதையை 2015 இல் திறந்தது. எந்த வங்கியின் வாடிக்கையாளரும் எந்தக் கடையிலும் பயன்படுத்தத்தக்க பொதுக் குறியீடான லங்கா கியூஆர் என்பதன் நியமம் 2018 இல் வகுக்கப்பட்டது. அனுமதி பெற்ற வங்கியொன்றுடன் உடன்படிக்கை செய்து, அதன் பாதுகாப்பு விதிகளுக்கு அடங்கி, இப்பாதையின்மேல் தொழில் நடத்துவோர் பிறர் பணத்தைத் தொடுவதில்லை. அவர்தம் சுமையும் அந்த அளவுக்குக் குறைகிறது. இரண்டாவது வழி, அனுமதி பெற்ற நிறுவனத்தின் முகவராக அமைவது. மூன்றாவது, பணத்தைத் தாமே கையேற்கத் தாமே அனுமதி பெறுவது. இம்மூன்றாவது வழியே செங்குத்தானது. அது செங்குத்தாக இருத்தல் நியாயமும் ஆகும். முதல் இரண்டு வழிகளைத் தேடாமல் மூன்றாவதில் முட்டிக்கொண்டு, கதவு திறக்கவில்லையென நொந்துகொள்வது வீண். அதேவேளை, முதலாவது வழியிற் செல்வதாக எண்ணிக்கொண்டு, வாடிக்கையாளர் பணத்தை ஓரிரு நாள் தம் கணக்கில் தங்கவிடுவோர் தம்மை அறியாமலே சட்டத்தின் எல்லையைக் கடந்தவராவர். தொழில் தொடங்குமுன் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

இத்தொழிலால் பயன் பெறக்கூடியவர் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர். வெலிமடையிலே கறிச்செய்கை பண்ணும் கமக்காரர், கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கின்றார். தேயிலைச் சிற்றுடைமையாளரோ கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, உரத்துக்கும் முற்பணத்துக்கும் கழித்தது போக மிஞ்சியதை மறுமாதம் பெறுகின்றார். சரக்கு கைமாறும் கணத்திலேயே பணமும் கைமாறுமாயின், இடைத்தரகரிடம் கைமாற்று வாங்கும் அவசியமே பாதி குறைந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூன்றாவது வழியிலே சிறிய வாசலொன்று திறக்கப்படவேண்டும் என்பது எமது கோரிக்கை. கூட்டுறவு, 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். குறைந்த தொகைக்கு, குறித்த பிரதேசத்துக்கு, பணம் முழுவதும் வங்கிக் காப்புக் கணக்கில் இருக்கவேண்டும் என்ற கண்டிப்புடன், கூட்டுறவுச் சமாசங்களுக்கு மட்டுப்படுத்திய அனுமதி வழங்குவதிலே என்ன ஆபத்து? புதிய நிதி முயற்சிகளைக் கண்காணிப்பின் கீழ்ச் சோதித்துப் பார்க்க மத்திய வங்கியே 2020 இல் ஒரு பரிசோதனைக் களத்தை அமைத்தது. எம்மைப்போலத் தேயிலை நாடாகிய கென்யாவில், 2007 இல் எம்பெசா என்ற சேவை தொடங்கியபோது அதற்கெனத் தனிச்சட்டம் இருக்கவில்லை. மக்கள் பணத்தைத் தனியான நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கில் வைக்கும் ஏற்பாட்டை ஆராய்ந்து, ஆட்சேபம் இல்லை என அந்நாட்டு மத்திய வங்கி கடிதம் கொடுத்தது. கண்ணை மூடிக் கொடுத்த அனுமதியன்று அது. கண்ணைத் திறந்துகொண்டே திறந்த வாசல். ஊவாவிலும் அதுவே வேண்டும்.

துண்டு தந்த பாடம்

இனி எமது முதல் நிபந்தனைக்கு வருவோம். கூலி கொடுப்பவரே கூலியின் கணக்கையும் வைத்திருந்தால் நேர்வது யாது என்பதை மலையகம் ஊகித்து அறியவேண்டியதில்லை. அதன் வரலாறே சாட்சி.

இந்தியாவிலிருந்து எம் முன்னோர் கூட்டம் கூட்டமாகக் கங்காணியின்கீழ் வந்தபோது வழிச்செலவும் முற்பணமும் அவர்தம் பெயரிலே கடனாக ஏறின. அக்கடன் தோட்டத்துக் கணக்கிலே நின்றது. கங்காணி தம் ஆட்களுடன் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். அது மீண்டும் அத்தொழிலாளரின் கடனாக ஏறும். துண்டுக்குத் துண்டு தொகை பெருகியது. உழைத்தவனுக்குத் தன் கடன் எவ்வளவு என்பதே தெரியாது. தெரிந்தாலும் அதனை மறுத்துரைக்க எழுத்தறிவும் இல்லை, கேட்பாரும் இல்லை. கணக்கை வைத்திருந்தவர் ஆளையே வைத்திருந்தார்.

1921 இல் துண்டு முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் அதற்கும் மேலே சென்றது. கூலி சட்டப்படி செல்லும் நாணயத்திலே, தொழிலாளியிடமே நேராகக் கொடுக்கப்படவேண்டும். அனுமதிக்கப்படாத கழிவு எதுவும் செய்யப்படலாகாது என்பன அதன் உயிர்நாடி. இவ்வுரிமைகள் எவராலும் தானமாகத் தரப்பட்டவை அல்ல. பொன்னம்பலம் அருணாசலம் முதல் கோ. நடேசய்யர் வரை பலர் குரல் கொடுத்தும், தொழிலாளர் தாமே போராடியும் பெற்றவை.

இப்போது எண்ணிப் பாருங்கள். நாளை ஒரு தோட்டக் கம்பெனி தானே ஒரு பணப்பைச் சேவையை நடத்துகிறது. அல்லது தன் கிளை நிறுவனம் ஒன்றின் மூலம் நடத்துகிறது. 10 ஆம் நாள் சம்பளம் தொலைபேசியில் ஏறுகிறது. ஏறிய மறுகணமே தோட்டக் கடையின் பற்று, பண்டிகை முற்பணம், கடன் தவணை, சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது. பழைய சம்பளச் சீட்டிலே கழிவுகள் ஒரு தாளில் இருந்தன. கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய், இது ஏன் பிடித்தீர்கள் என்று கேட்க முடிந்தது. 2024 செப்டம்பரில் நாளொன்றுக்கு 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைக் கூலிக்கு எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது! அவ்வளவு பாடுபட்டு உயர்த்திய கூலி, எவரும் காணாத ஒரு கணக்கிலே கரைந்துபோகலாமா? தொலைபேசித் திரையிலே ஓர் இலக்கம் மற்றொரு இலக்கமாக மாறிவிடும்போது யாரைக் கேட்பது? இன்றே இது நடக்கிறதென நாம் கூறவில்லை. நடக்க இடங்கொடுக்காதவாறு விதி எழுதப்படவேண்டும் என்கிறோம். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே சட்டத்தின் தொழில்.

அரை அனுமதியின் தீமைக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களைத்தான் அனுமதி முறைக்குள் கொண்டுவந்தது. வைப்புப் பெறாது, கடன் மட்டும் கொடுத்தவர்கள் அதன் வேலிக்கு வெளியே நின்றனர். அவ்வெளியிலேயே வாராந்தத் தவணைக்காரர் கிராமங்கிராமமாய்ப் புகுந்தனர். கடன்பட்ட பெண்கள் பட்ட பாட்டை நாடறியும். சட்டம் வைப்பாளரின் பணத்தைக் காத்தது. கடன்பட்டவளின் வீட்டு வாசலைக் காக்கவில்லை. இதே பிழை இலத்திரனியல் பணத்தில் மீண்டும் நேரலாகாது.

தோட்டத்து வாசலிலே நிற்கும் தடைகள்

சட்டப் புத்தகத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயனுக்குச் சென்றால் வேறு சில தடைகளையும் காணலாம்.

கணக்குத் திறக்க அடையாள அட்டையும் முகவரியும் வேண்டும். பிறப்புப் பதிவிலே பெயர் பிழைத்ததாலோ, பதிவே இல்லாததாலோ அடையாள அட்டை பெறத் தடுமாறியோர் மலையகத்திலே பலர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அக்குறை முற்றாக நீங்காதிருந்த சமூகம் இது. ஒரு தாளின் பெறுமதி என்ன என்பதை எவரும் எமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. அட்டை இருந்தாலும் முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து லயனுக்கு வரவேண்டும். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கேட்கும் படிவம் இம்மக்களை எண்ணி எழுதப்பட்டதன்று.

மொழி அடுத்த தடை. தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பின் வாசகம். பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன. நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென மத்திய வங்கி 2023 இல் ஒழுங்குவிதிகளும் ஆக்கியது. ஆனால் ஒழுங்குவிதியின் பொதுச்சொல் வேறு, தொழிலாளியின் கைக்கு வரும் குறுஞ்செய்தி வேறு. பணம் போய்விட்டது என்ற செய்தி அறியாத மொழியில் வந்தால், அது செய்தியே அன்று. முறைப்பாட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது தமிழிலே விடையளிக்க ஒருவர் இல்லையெனில், முறைப்பாட்டு உரிமை இருந்தும் இல்லாததே.

மூன்றாவது, பெண்ணின் நிலை. தோட்டத்தின் வருவாய் பெண்ணின் விரல் நுனியில் பிறக்கிறது. ஆனால் அவளது சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. தொலைபேசி வீட்டுக்கு ஒன்றாகி, அதுவும் ஆணின் பெயரிலே பதியப்பட்டிருந்தால், அப்பழைய வழக்கம் புதிய இயந்திரத்தில் நிரந்தரமாகிவிடும். இரகசிய இலக்கம் இன்னொருவர் நாவில் இருக்குமாயின் அது இரகசியம் ஆவதெப்படி?

நான்காவது, வாசல். வெளியார் தோட்டத்துள் நுழைவதைத் தடுத்த காலத்திலே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு உட்சென்றார் என்பது மலையகம் மறவாத வரலாறு. முகவர் தோட்டத்துக்கு வெளியே, பல மைல் தூரத்து நகரத்திலே மட்டும் இருப்பின், பணத்தைக் காசாக்க ஒருநாட் பேரையும் பேருந்துக் கட்டணத்தையும் தொழிலாளி இழக்கின்றார். தோட்ட நிர்வாகத்தின் தயவில் முகவர் உள்ளே இருப்பின், முகவர் நிர்வாகத்துக்கே பணிவார். 2016 நவம்பர் 8 ஆம் நாள் இந்தியாவில் பெருநோட்டுகள் செல்லாதன ஆக்கப்பட்டபோது அசாம் தேயிலைத் தோட்டங்களிலே கூலி தடுமாறியது. மாவட்ட நிர்வாகத்தின் கணக்கு வழியாகக் கூலிப்பணம் எடுக்க ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. தொழிலாளருக்கு அவசரமாக வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன. கணக்கு முந்தியது, காசு கொடுக்கும் இடம் பிந்தியது. அந்த வரிசை தலைகீழானது. முகவர் முதலில் வரவேண்டும், கணக்கு அதன்பின் வரவேண்டும்.

ஐந்தாவது, மலையின் சீற்றம். 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியது. பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தால் தொலைபேசியில் உள்ள பணம் எதற்கு உதவும்? அத்தகைய நாளிலே காசு எங்கிருந்து எவ்வாறு கொடுக்கப்படும் என்பதைக் கூறாத நிறுவனத்துக்கு ஊவாவில் தொழில் செய்யத் தகுதி இல்லை.

மறுப்புக்கு விடை

இத்தனை நிபந்தனைகளை விதித்தால் எந்த நிறுவனமும் தோட்டத்துக்கு வராது, ஏழைக்குக் கிடைக்கவிருந்த வசதியும் கிடையாமற் போகும் என்று சிலர் கூறுவர். இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. தமிழிலே ஒருவரை அமர்த்துவதற்கும் தோட்டப் பிரிவுதோறும் முகவரை வைப்பதற்கும் செலவுண்டு. ஆனால் வரவையும் கணக்கிடுக. நூற்றுக்கணக்கானோரின் சம்பளம் ஒரே நாளில், ஒரே இடத்தில் புழங்கும் தோட்டத்தைப்போன்ற சந்தை நகரத்திலும் அரிது. 2023 முதல் அஸ்வெசும உதவிப் பணம் வங்கிக் கணக்குகள் வழியே செல்கிறது. அரசுக்குச் செலுத்தும் கட்டணங்களுக்கென 2025 பெப்ரவரியில் கவ்பே தொடங்கப்பட்டது. அரசின் பணமும் மக்களின் பணமும் இப்பாதையிலே நாளும் பெருகிவருகின்றன. பாதையின் சுங்கத்தைப் பெறுவோர் அதன் படிக்கட்டையும் கட்டட்டும்.

வேறு சிலர், இந்த வம்பே வேண்டாம், காசே நல்லது என்பர். காசை விரும்புவோர் காசையே பெறும் உரிமை காக்கப்படவேண்டும் என்பதில் எமக்கும் உடன்பாடே. ஆயினும் கொழும்பிலே வேலைசெய்யும் மகன் பூனாகலையிலுள்ள தாய்க்கு நோயென்று கேட்டு இரவோடிரவாகப் பணம் அனுப்ப முடிவது சிறு நன்மையன்று. பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே இரயிற் பாதை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அத்தூரத்தைக் கணத்தில் கடக்கும் வசதியை எம்மக்களுக்கு மறுக்க நாம் யார்? வசதி வரட்டும், அது காவலுடன் வரட்டும்.

நாம் கேட்பவை

மத்திய வங்கியிடமும் பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகளிடமும் ஏழு கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. தொழில் கொள்வோரும் அவர்தம் கிளை நிறுவனங்களும் தம் தொழிலாளரின் கூலிக்குப் பணப்பை நடத்த அனுமதி வழங்கலாகாது. எந்தப் பணப்பையில், அல்லது காசாக, கூலியைப் பெறுவது என்பதைத் தொழிலாளியே தெரிவுசெய்தல் வேண்டும்.

2. கணக்கில் ஏறிய கூலியிலிருந்து, தொழிலாளி ஒவ்வொரு முறையும் தனித்தனியே சம்மதித்தாலன்றி, எக்கழிவும் தானே இறங்கலாகாது.

3. உடன்படிக்கை, குறுஞ்செய்தி, பற்றுச்சீட்டு, முறைப்பாட்டு விசாரணை யாவும் தமிழிலும் இருத்தல் அனுமதியின் நிபந்தனையாதல் வேண்டும்.

4. சிறு தொகைக் கணக்குக்குத் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் போதிய முகவரியாகக் கொள்ளப்படல் வேண்டும்.

5. பெண் தொழிலாளியின் கூலி அவள் பெயரிலுள்ள கணக்குக்கே செல்லல் வேண்டும்.

6. முகவர் நிர்வாகத்தின் தயவில் தங்காதவராக இருத்தல் வேண்டும். இயற்கை இடர்க்காலத்தில் காசு வழங்கும் திட்டம் விண்ணப்பத்திலேயே காட்டப்படல் வேண்டும்.

7. கூட்டுறவுச் சமாசங்களுக்கு மட்டுப்படுத்திய அனுமதி வழங்கி, ஊவாவிலே பரிசோதனை ஒன்று தொடங்கப்படல் வேண்டும்.

இவற்றுட் பலவற்றுக்குப் புதிய சட்டம் தேடி அலையவேண்டியதில்லை என்பதே எமது கருத்து. அனுமதி கொடுக்கும் கைக்கு நிபந்தனை எழுதும் எழுகோலும் உண்டு. அந்த எழுகோலை அசைக்கவேண்டியது மக்கள் குரல். பதுளை, பண்டாரவளை நீதிமன்றங்களிலே தொழில் புரியும் சட்டத்தரணிகள் இக்கோரிக்கைகளை முறையான விண்ணப்பமாக வரைந்து தரட்டும். தோட்டக் கமிட்டிகள் அவற்றைத் தமிழிலே வாசித்து விவாதிக்கட்டும். கூட்டுறவுச் சங்கத்தார் தம் கணக்குகளைச் செம்மைப்படுத்தி, அனுமதி கேட்கும் தகுதியைத் தேடிக்கொள்ளட்டும். கமக்காரர் தம் பங்குக்குப் பொருளாதார நிலையங்களிலே இக்கேள்வியை எழுப்பட்டும். சங்க வேற்றுமையும் கட்சி வேற்றுமையும் இதிலே தலைகாட்ட வேண்டா. சந்தாப் பணம் எச்சங்கத்துக்குச் செல்லினும், அது கழிக்கப்படும் கூலி ஒன்றே.

துண்டுச் சீட்டை ஒழிக்க எம் முன்னோருக்கு ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் தேவைப்பட்டது. ஏனெனில் அது வேரூன்றிய பின்னரே அதனை எதிர்த்தனர். இன்று விதி எழுதப்படும் காலத்திலேயே நாம் விழித்திருக்கிறோம். மத்திய வங்கிக்குச் செல்லும் அடுத்த விண்ணப்பம் வணிகருடையதாக இருக்கட்டும். அதன் அருகிலே மக்களுடைய விண்ணப்பமும் இருத்தல் வேண்டும்.